சிறிய ஏரியின் ஓரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சிறிய ஏரியில் எத்தனை வகை உயிர்கள் வாழும் என்பதை அதன் பரப்பளவைக் காட்டிலும் அதன் ஓரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கரை மெல்லச் சரிந்து இறங்கும் இடத்தில், முழங்கால் அளவு நீரில், வெயில் அடிமண் வரை எட்டுவதால் கோரையும் சம்பும் நாணலும் அங்கே வேரூன்றுகின்றன. தண்டுகளில் பாசி படர, அதை மேய நத்தைகளும் தலைப்பிரட்டைகளும் வந்து சேர, அவற்றை அடுத்து மீன்குஞ்சுகளும், அவற்றைத் தேடிக் கொக்கும் மீன்கொத்தியும் வருகின்றன.

அத்தகைய தண்டு ஒன்றைக் காலையில் உற்றுப் பார்த்தால், முதுகு பிளந்த பூச்சித்தோல் ஒன்று அதில் ஒட்டியிருக்கக் காணலாம். தட்டான் கழற்றிவிட்டுப் போன தோல் அது. பறக்கும் தட்டானைத்தான் நாம் அறிவோம். ஆனால் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி நீருக்கடியிலேயே கழிகிறது, சில இனங்களில் ஆண்டுக்கணக்கில். அந்த இளம்பருவத்தில் அது மலக்குடலுக்குள் இருக்கும் செவுள்களால் சுவாசிக்கிறது. ஆபத்து நேர்ந்தால் அங்குள்ள நீரையே பின்புறமாகப் பீய்ச்சி முன்னே பாய்கிறது. முகத்தின் கீழ் மடித்து வைத்த உதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுக்களைக் கவ்வுகிறது. கொசுவை ஒழிக்கவென்று வட அமெரிக்காவைச் சேர்ந்த காம்பூசியா மீனைப் பல நாடுகளில் குளந்தோறும் விட்டார்கள். அது தலைப்பிரட்டைகளையும் பிற நீர்ப்பூச்சிகளையும் சேர்த்தே தின்றது. ஏற்கெனவே இருந்த வேட்டைக்காரனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

முக்குளிப்பானுக்குக் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் தரையில் அதனால் சரியாக நடக்க முடியாது. ஆகவே நீர்ச்செடிகளைக் குவித்து, நாணல் தண்டுகளோடு பிணைத்து, மிதக்கும் கூடு கட்டுகிறது. இரைதேடப் போகும்போது முட்டைகளை ஈரத் தழையால் மூடிவிட்டுச் செல்கிறது. பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது. தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் இதே மறைவு வேண்டும்.

ஏரியை அழகுபடுத்துவதாகச் சொல்லிச் செங்குத்தான கற்சுவர் எழுப்பும்போது முதலில் அழிவது இந்த ஓரமே. நடைபாதை வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒரு பக்கக் கரையையேனும் சரிவாக விட்டுவைக்கலாம்.

கழிவுநீர் கலப்பது வேறு வகைக் கேடு. அதிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசியைப் பெருக்குகின்றன. பகலில் ஆக்சிஜனை வெளிவிடும் பாசி, இரவில் தானும் சுவாசிப்பதால், விடியும் வேளையில் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. மீன்கள் காலையில் செத்து மிதப்பதற்குப் பல நேரங்களில் காரணம் இதுவே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையும் இத்தகைய நீரில்தான் செழித்து, பரப்பை மூடி, அடியில் இருப்பவற்றுக்கு ஒளி கிடைக்காமல் செய்கிறது. அதை அகற்றுவது அவசியம். ஆனால் அதே வேகத்தில் கோரையையும் நாணலையும் குப்பையென்று வழித்தெடுத்துவிடுகிறார்கள். அவற்றைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால், பறவைகள் கூடுகட்டும் காலம் முடிந்த பிறகு, ஓர் ஆண்டில் ஒரு பகுதி என்ற அளவில் வெட்டலாம். நீரில் சாய்ந்து கிடக்கும் பட்டமரத்தையும் அப்படியே விட்டுவிடலாம். முங்கி எழுந்த நீர்க்காகம் நனைந்த இறகை விரித்து உலர்த்துவதற்கு அதுவே வசதியான இடம்.

வணக்கம்.