91 என்பது மார்க் அல்ல

நேயர்களுக்கு வணக்கம்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. அங்கே பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பத்து வயதுப் பையன். அவனுடைய அறிவுத்திறன் சோதனை, அடைவுத் தேர்வு இரண்டுக்கும் வந்த அறிக்கையைப் பட்டாலையில் விரித்து வைத்துக்கொண்டு அவன் அப்பா என்னிடம் சொன்னார்: "வாசிப்பில் 91 வாங்கியிருக்கிறான், ஆச்சி. வேகத்தில்தான் 21." பக்கத்தில் இருந்த அப்பத்தா பதறிவிட்டார். "இருபத்தொன்றா? அப்படியானால் பெயிலா?"

இரண்டுமே மார்க் அல்ல, சதமானம். அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், வாசிப்பில் ஏறத்தாழ 91 பேர் இவனுக்குப் பின்னால் நிற்பார்கள். வேகத்தில் 21 பேர். அறிக்கையில் இன்னோர் அளவுகோலும் உண்டு, அதன் நடுப்புள்ளி 100. நூற்றில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில்தான் வருவார்கள். சதமானம் 21 என்பது அந்த அளவுகோலில் 88. பையன் நடுக்கூட்டத்தில்தான் நிற்கிறான் என்று சொன்ன பிறகே அப்பத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

அப்பாவின் கண்ணெல்லாம் அறிவுத்திறன் சோதனையின் மொத்த எண்ணான 108 மேல்தான். நான் உள்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். சொல்லறிவு 124, வேகம் 88. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது மொத்த எண் பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்லாது. வேகம் ஏன் குறைந்தது? எண்களுக்குக் கீழே குறிகளை எழுதும் ஒரு பகுதி உண்டு, இரண்டே நிமிடம். சோதித்தவர் ஓரத்தில் குறித்திருந்தார்: பையன் ஒவ்வொரு குறியையும் கோலம் போடுவதுபோல் திருத்தித் திருத்தி எழுதினானாம். வீட்டில் யாரும் கடிகாரம் வைத்து அவனை எழுதச் சொன்னதில்லை. அறிக்கையில் எனக்கு எல்லா எண்களையும்விட அந்த ஒரு வரிதான் பிடித்தது.

அடுத்தது அடைவுத் தேர்வு, அதாவது படித்ததில் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது. கணக்கில் 92. இது சதமானம் அல்ல, 100-ஐ நடுவாகக் கொண்ட அந்த அளவுகோலில் வந்த எண், அதாவது நடுவுக்குச் சற்றுக் கீழே. வட்டிக்கணக்கை மனத்திலேயே போடுகிற பிள்ளைக்கு இது எப்படி? நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பின்னங்கள் இன்னும் தொடங்கவேயில்லை! பள்ளிக்கூடம் ஒரு வரிசையில் போகும், வீடு வேறு வரிசையில் போகும். சொல்லித்தராததைக் கேட்டால் பிள்ளை எப்படிப் பதில் எழுதும்? ஆனால், ஒரு வருடம் பொறுமையாகச் சொல்லித்தந்த பிறகும் எழுத்துக்கூட்ட வரவில்லை, பேச்சிலோ கெட்டிக்காரன் என்றால் அது வேறு கதை. "தானாக வந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள். கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1905-இல் பாரிசில் பினே என்ற உளவியலாளர் முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியதே, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். எண்ணை வைத்துப் பெருமை பேசுவதெல்லாம் பிறகு வந்த பழக்கம்.

"எட்டாம் வகுப்பு நிலை வாசிப்பு" என்று ஒரு வரியும் அதில் இருந்தது. எட்டாம் வகுப்புப் பாடம் முழுவதும் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தத் தேர்வில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக எடுப்பதை இவனும் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் யோசிக்கும் பிள்ளையிடம் கேட்டிருந்தால், சொல்லறிவு எண்ணைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எந்த மொழியில் சோதித்தார்கள் என்று மறக்காமல் கேளுங்கள்.

"மறுபடி எப்போது சோதிக்கலாம்?" என்றார் அப்பா. அறிவுத்திறன் சோதனைக்கு ஒரு வருடமாவது போகட்டும் என்றேன். அதே கேள்விகளைச் சீக்கிரம் திரும்பக் கேட்டால் பழக்கத்திலேயே எண் ஏறிவிடும். முதலில் பின்னங்களைத் தொடங்குங்கள், பங்கு பிரித்துக் காட்ட வளவின் தரையில் ஆத்தங்குடிக் கல் இருக்கவே இருக்கிறது. அறிக்கையை அலமாரியில் மேல்தட்டில் வையுங்கள். சீடை டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பையன் அங்கே ஏறுவான்.

வணக்கம்.