எருக்கஞ்செடியில் இருப்பது பாலைவன வெட்டுக்கிளி அல்ல

வணக்கம் நண்பர்களே. மூன்று நாட்களாகப் பலரும் எனக்கு ஒரே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எருக்கஞ்செடி முழுவதும் மஞ்சளும் நீலமுமாக வரிபோட்ட பூச்சிகள். மேலே, ‘பாலைவன வெட்டுக்கிளிகள் வந்துவிட்டன’ என்ற எழுத்து. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 2020 மே மாதம் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிப் படைகள் இறங்கியிருந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இப்படித்தான் எருக்கஞ்செடி வெட்டுக்கிளிகளைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று அதிகாரிகள் விளக்க வேண்டியிருந்தது.

என் எருக்கஞ்செடி வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூச்சி பழக்கமானதுதான். இதன் இளம்பூச்சியைத் தொட்டால் முதுகிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும். இன்று காலையும் என் கேமராக் கண்ணாடியின் மேல் பீய்ச்சியது. கண்டம் தாண்டிப் பறக்கும் படையாக இது மாறுவதில்லை.

பாலைவன வெட்டுக்கிளியோ ஒரே உடலில் இரண்டு வாழ்க்கை வாழும் பூச்சி. தனித்து வாழும் காலத்தில் அது மண் நிறத்தில் பதுங்கியிருக்கும், இரவில் பறக்கும், தன் இனத்தைக் கண்டாலே விலகிப்போகும். மழைக்குப் பின் பெருகி, பிறகு பச்சை வறண்டு, எஞ்சிய சில செடிகளில் எல்லாப் பூச்சிகளும் நெருக்கியடித்து உட்கார நேரும்போது, விலகிப்போனவையே ஒன்றையொன்று தேடத் தொடங்குகின்றன. வேறொரு வெட்டுக்கிளி இனத்தின் இவ்விரு வடிவங்களையும் தனித்தனி இனங்கள் என்றே அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். அவை ஒன்றே என்று 1921-இல் போரிஸ் உவாரோவ் என்ற பூச்சியியலாளர் காட்டினார்.

அந்த மாற்றத்தைத் தொடங்கிவைப்பது எது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்டீபன் சிம்ப்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்து வளர்ந்த பாலைவன வெட்டுக்கிளியின் உடலில் வெவ்வேறு இடங்களைத் தூரிகையால் திரும்பத் திரும்ப வருடிப் பார்த்தார்கள். பின்னந்தொடையின் வெளிப்புறத்தைத் தொட்டபோது மட்டும், நான்கு மணி நேரத்திற்குள் அது கூட்டத்தை நாடும் பூச்சியாக மாறிவிட்டது.

அந்தத் தொடுதலை உங்களுக்குக் காட்டத்தான் 140 ரூபாய் கொடுத்து மெல்லிய தூரிகை ஒன்று வாங்கினேன். முதல் வருடலிலேயே மூன்று மயிர்கள் உதிர்ந்து என் எருக்கஞ்செடிப் பூச்சியின் கால் முட்களில் சிக்கிக்கொண்டன. அவற்றை எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. நனைந்த தூரிகையைத் திரும்பப் பெற முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பிறகு தெருமுனை நோட்டுப் புத்தகக் கடையில் 15 ரூபாய்க்கு வாங்கிய தூரிகைதான் வேலை செய்தது. இதோ, அருகில் பாருங்கள்: மயிர்நுனி பட்டதும் தொடையை உயர்த்தி உதைக்கிறது. 140 ரூபாய்த் தூரிகையில் இந்தக் காட்சி கிடைக்கவே இல்லை!

இந்தத் தொடுதல் பாலைவன வெட்டுக்கிளியின் உள்ளே என்ன செய்கிறது என்பது 2009-இல் தெரிந்தது. மார்புப் பகுதியின் நரம்பு முடிச்சுகளில், நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனின் அளவு மூன்று மடங்காக உயர்கிறது. அதைத் தடுத்தால் பூச்சி கூட்டத்தை நாடுவதில்லை. நடத்தை சில மணி நேரத்தில் மாறுகிறது என்றால், நிறம் மாறத் தோலுரிப்பு வரை காத்திருக்க வேண்டும். கூட்டத்தில் வளரும் குஞ்சுகள் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். இறகு முளைத்ததும் இளஞ்சிவப்பாகி, முதிர்ந்தபின் முழு மஞ்சளாகும்.

முட்டையைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன், மன்னிக்கவும். மழையைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பெண் பூச்சி ஈர மணலுக்குள் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் முட்டையிடும். ஈரம் இல்லாவிட்டால் முட்டை பிழைக்காது. அதனால்தான் 2018-இல் மெகுனு, லுபான் என்ற இரண்டு புயல்கள் அரேபியாவின் ரப்-அல்-காலி பாலைவனத்தை நனைத்தது அவ்வளவு பெரிய விஷயமாயிற்று. அங்கே ஆள் கண்ணில் படாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகியவற்றின் வழிவந்த படைகளே பின்னர் கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாக்கின. கென்யாவில் 70 ஆண்டுகளில் காணாத தாக்குதல் அது.

ஒரு சதுர கிலோமீட்டர்ப் படையில் 4 முதல் 8 கோடிப் பூச்சிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் நாளொன்றுக்குத் தன் எடையளவு, அதாவது ஏறத்தாழ 2 கிராம், தின்னும். காற்றோடு ஒரே நாளில் 150 கிலோமீட்டர் வரை போகும்.

ஆகவே, அந்தப் படத்தை அனுப்பியவர்கள் பூச்சியின் உடலில் நீல வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது எருக்கஞ்செடிப் பூச்சி. மருந்தடிக்க ஓட வேண்டாம். என்னிடம் உள்ள இந்த ஒன்றையும் இப்போது அதன் செடியிலேயே விடுகிறேன்.