எர்த்சீயோடு வழக்காடியவர்

வணக்கம் நேயர்களே.

கற்பனை உலகங்களைப் படைத்த நாவலாசிரியர்கள் பலர் உண்டு. தாம் படைத்த உலகத்தையே பிற்காலத்தில் கேள்வி கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தச் சிலரில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின்.

1929 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர். கலிஃபோர்னியாப் பூர்வகுடிகளின் மொழிகளையும் கதைகளையும் அவர்களிடமே கேட்டு எழுதிவைத்தவர். அம்மா தியோடோரா, யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த இஷி என்பவரின் வாழ்க்கையை 1961-இல் புத்தகமாக எழுதினார். இப்படியொரு வீட்டில் வளர்ந்த பெண், ஒரு தேசத்தைக் கற்பனை செய்தால் எப்படிச் செய்வாள்? அங்கே ராஜாவும் வாளும் மட்டும் இருந்தால் போதாது. ஆடு மேய்ப்பவர்கள், படகு கட்டுபவர்கள், பண்டிகைப் பாட்டு, ஊர்ப் பழமொழி எல்லாமே வேண்டும். லெ குவினின் கதைகளில் அவை எல்லாம் இருக்கின்றன.

பதினொரு வயதில் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினார், திரும்பி வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்தார். 1953-இல் பிரான்சுக்குக் கப்பலில் போகும்போது சார்ல்ஸ் லெ குவின் என்ற வரலாற்று மாணவரைச் சந்தித்தார். அதே ஆண்டு பாரிஸில் கல்யாணம். பிறகு ஓரிகனின் போர்ட்லாண்ட் நகரில் குடியேறி மூன்று குழந்தைகளை வளர்த்தார். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எழுத்து.

1967-இல் ஒரு சிறிய பதிப்பகத்தார், சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். மறு ஆண்டே 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' வெளிவந்தது. எர்த்சீ என்பது கடலும் நூற்றுக்கணக்கான தீவுகளும் சேர்ந்த ஓர் உலகம். கெட் என்ற சிறுவன் கான்ட் தீவில் ஆடு மேய்க்கிறான். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் சேர்கிறான். தன் திறமையைக் காட்டும் வீம்பில் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. பிறகு அவன் அதைத் துரத்துகிறான். கடைசியில் அந்த நிழலை அவன் என்ன பெயர் சொல்லி அழைக்கிறான் என்பதுதான் கதை. அதைச் சொல்லிவிட்டால் உங்கள் வாசிப்பைக் கெடுத்தவனாவேன். போர்க்களமே இல்லாத மாயக்கதை இது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இன்னொன்று. கெட்டின் நிறம் செம்பழுப்பு. அவன் நண்பன் வெட்ச் கறுப்பு. தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் இப்படித்தான்; வெள்ளை நிறத்தவர் கிழக்கே இருக்கும் கார்காட் மக்கள், முதலில் கொள்ளைக்காரர்களாகவே கதைக்குள் வருகிறார்கள். 1968-இல் இதை அவர் ஆரவாரமில்லாமல் செய்தார். ஆனால் எத்தனையோ பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தார்கள். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகர்தான் கெட். லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார்.

நிறத்தில் இத்தனை கவனமாக இருந்தவர், வேறொரு விஷயத்தில் பழைய வழியிலேயே போயிருந்தார். ரோக் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்ணின் மந்திரம்போல் வலுவற்றது, பெண்ணின் மந்திரம்போல் பொல்லாதது என்று அந்த உலகத்தில் ஒரு சொலவடையே உண்டு. 1971-இல் வந்த இரண்டாவது நாவலின் நாயகி தெனார் என்ற பெண்தான். ஆனாலும் இருட்டுக் கல்லறைகளிலிருந்து அவள் வெளியேறக் கெட் வரவேண்டியிருக்கிறது. 1972-இல் வந்த மூன்றாவது நாவலில் அவள் வருவதே இல்லை.

இதைத் திருத்த ஒரு சுலபமான வழி இருந்தது. புதுப் பதிப்பில் நாலு வரிகளை மாற்றி, பள்ளியில் இரண்டு மாணவிகளைச் சேர்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல், 'தெஹானு' என்ற நான்காவது நாவலை எழுதினார். தெனார் இப்போது நடுவயது விதவை; பண்ணை வீட்டுக்காரி. பெற்றவர்களே நெருப்பில் தள்ளிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். டிராகனின் முதுகில் வந்து இறங்கும் கெட்டிடம் மந்திரம் துளியும் மிச்சமில்லை. அவமானத்தில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான். முதல் நாவலில் எழுதிய ஒரு சொல்லையும் அழிக்காமல், அதே உலகத்தை அடுப்படியிலிருந்து பார்க்கிறார் லெ குவின். பாத்திரம் கழுவுவது யார், பயந்து தாழ்ப்பாள் போடுவது யார் என்ற கேள்விகள் மாயக்கதைக்குள் வருகின்றன.

எங்கள் கெட்டை இப்படி ஆக்கிவிட்டாரே என்று வருந்திய வாசகர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் மந்திரம் போன பிறகு ஒரு மனிதன் எப்படி வாழ்வான் என்று எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும். நான்கில் இதையே உயர்ந்ததாகச் சொல்வேன். அறிவியல் புனைவுகளுக்கும் மாயக்கதைகளுக்கும் அமெரிக்காவில் தரப்படும் நெபுலா விருதும் நாவலுக்குக் கிடைத்தது. அட்டையில் 'எர்த்சீயின் கடைசிப் புத்தகம்' என்று போட்டிருந்தார்கள். 2001-இல் மேலும் இரண்டு எழுதி அந்த வாக்கை அவரே மீறினார்! பெண்களுக்கு ரோக்கில் ஏன் இடமில்லாமல் போனது என்ற பழங்கதையும் அவற்றில் ஒன்றில் வருகிறது: அந்தப் பள்ளியை உருவாக்கியவர்களிலேயே பெண்கள் இருந்திருக்கிறார்கள்.

2018 ஜனவரி 22 அன்று, 88 வயதில், போர்ட்லாண்டில் காலமானார். அதே ஆண்டு, சார்ல்ஸ் வெஸ் வரைந்த ஓவியங்களோடு எர்த்சீக் கதைகள் அனைத்தும் ஒரே தொகுதியாக வந்தன. ஓவியங்களைப் பற்றி அவரும் வெஸ்ஸும் சில ஆண்டுகள் கலந்து பேசியே முடிவெடுத்திருந்தார்கள். கெட்டின் நிறம் இதில் சரியாக இருக்கிறது.

அந்தத் தடிமனான தொகுதி கையில் கிடைத்தால் ஒரே மூச்சில் படித்துவிடாதீர்கள். முதல் மூன்றை முடித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். 'தெஹானு'வுக்குச் சில ஆண்டுகள் கழித்து வாருங்கள்.

நன்றி. வணக்கம்.