டப்பாவைத் திருப்பிப் பாருங்க

(காட்சி: கையில் ஒரு மாத்திரை டப்பா. லேபிள் மெதுவாக நெருங்கி வருகிறது.)

முன்பக்கம் பெரிய எழுத்துல "நுரையீரல் நலத்துக்கு"ன்னு போட்டிருக்கு. டப்பாவைத் திருப்புங்க. பொடி எழுத்துல என்னென்ன இருக்கு? வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், பீட்டா கரோட்டின். எல்லாமே ஆன்டிஆக்ஸிடன்ட்னு, அதாவது செல்களைக் கெடுக்கிற ஆக்ஸிஜனேற்ற மூலக்கூறுகளைத் தடுக்கிற சத்துன்னு சொல்லி விக்கிறது. அந்தக் கடைசிப் பேரைக் கொஞ்சம் கவனிக்கணும்.

ஃபின்லாந்துல புகைபிடிக்கிற 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. அதுல ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். நுரையீரல் புற்றுநோய் குறையும்னு நம்பித்தான் கொடுத்தாங்க. 1994-ல முடிவு வந்தப்ப, அதைச் சாப்பிட்டவங்ககிட்ட புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவுல இதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வை 1996-ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க. புகைபிடிக்கிறவங்க, முன்னாடி பிடிச்சவங்க, தயவுசெஞ்சு இந்த மாத்திரை பக்கமே போகாதீங்க.

(காட்சி: மூச்சுக்குழாயின் உட்சுவர். மேலே பளபளக்கும் ஈரம்.)

அப்போ ஆன்டிஆக்ஸிடன்ட்டே சும்மாவா? இல்லவே இல்ல. இந்த ஈரப் படலத்துல, உடம்பே தயாரிக்கிற குளுட்டதயோன்ங்கிற ஆன்டிஆக்ஸிடன்ட்டும் வைட்டமின் சி-யும் இயல்பாவே கலந்திருக்கு. புகையோ காத்து மாசுல இருக்கிற ஓசோனோ உள்ள நுழைஞ்சா முதல்ல மோதுறது இதோடதான். ஆஸ்துமாவுல அழற்சி செல்களே ஆக்ஸிஜனேற்ற மூலக்கூறுகளைக் கக்குறதால படலம் திணறிப்போகுது. மாத்திரையால அதை நிரப்பிடலாமேன்னு தோணும். உடம்பு அவ்வளவு சுலபமா ஒத்துக்கல.

2012-ல வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. ஆஸ்துமா உள்ள 137 பேர். ஒரு குழுவுக்குத் தினம் 5 பங்கு காய்கறி, 2 பங்கு பழம். இன்னொரு குழுவுக்கு அதுல பாதிகூட இல்ல. 14 நாள்லயே கம்மியா சாப்பிட்டவங்களோட ஊதும் திறன் பின்தங்கிடுச்சு. அப்புறம் அவங்கள்ல சிலருக்குத் தக்காளிச் சாறு அடைச்ச மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. பலன் இல்ல. காய்கறியில இருக்கிறது ஒரே ஒரு சத்து இல்லையே.

என்.ஏ.சி. (என்-அசிட்டைல் சிஸ்டீன்) பத்தியும் நிறையப் பேர் கேக்குறீங்க. அது சளியை இளக்குற மருந்து. ஆனா நெபுலைசர்ல வச்சு இழுத்தா, ஆஸ்துமா உள்ள சிலருக்குக் குழாய் இன்னும் இறுகிக்கும். டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

(காட்சி: தடுப்பு இன்ஹேலர்.)

எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கிறது வேற. மாத்திரை ஆரம்பிச்சாச்சேன்னு இந்தத் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திடுறாங்க. குழாயோட வீக்கத்தைத் தணிக்கிறது இதுல இருக்கிற ஸ்டீராய்டுதான். ராத்திரி இழுப்பு வந்து முழிப்பு தட்டுதுன்னா, டாக்டர்கிட்ட போய் நீங்க இழுக்கிற விதத்தைக் காட்டுங்க. இழுத்து முடிச்சதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க.