வெள்ளிச் சங்கும் வெள்ளித் துகளும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘நானோ துகள்கள்: வரமா, நஞ்சா?’ என்ற தலைப்பில், கண்ணுக்கே தெரியாத அந்த மிகச் சிறிய துகள்கள் நஞ்சே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், “வெள்ளிச் சங்கில் பால் குடித்து வளர்ந்தவர்கள் நாம், நாற்றம் போக்கக் காலுறையில் துளி நானோ வெள்ளி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அந்தச் சங்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளிக் கட்டி, எடை பத்தரை கிராம். அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்குங்கள்; ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எடையில் ஒரு குன்றிமணியும் கூடாது. பரப்போ 600 சதுர மீட்டர், இரண்டரை கிரவுண்டுக்கும் மேல்! வேதிவினை நடப்பது மேற்பரப்பில்தான், நடுவர் அவர்களே. நீரில் கரைந்த ஆக்சிஜன் அந்தப் பரப்பைத் தொடத் தொட, வெள்ளி அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்கள், கழன்று வருகின்றன. காலுறையில் கிருமியைக் கொல்வது அந்த அயனி. மீனின் செவுளில் சோடியம் உள்ளே செல்லும் வழியை அடைப்பதும் அதே அயனி. சங்கு பாதுகாப்பானது என்பதால் துகளும் பாதுகாப்பானது என்றால், விறகுக்கட்டை மெல்ல எரிகிறது, அதனால் மரத்தூளும் வெடிக்காது என்று நம்புவதைப் போல ஆகிவிடும்.

காலுறைக்குள்ளேயே கிடக்குமா அது? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற காலுறைகளை வாங்கித் துவைத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சில காலுறைகள் நான்கே சலவையில் ஏறத்தாழ முழு வெள்ளியையும் இழந்திருந்தன.

“கழிவுநீரில் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறி அடங்கிவிடும்” என்றார் எதிரணியின் அடுத்த பேச்சாளர். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளி சல்பைடு எளிதில் கரையாது. நஞ்சும் வெகுவாகக் குறையும். ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் சாக்கடைக் குழாயிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் நடப்பது. இரண்டையும் பார்க்காமலே ஆற்றில் விழும் சலவைநீர் நம் நாட்டில் எவ்வளவு! துணி துவைக்கும் படித்துறையில் எந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது?

நேரே நீர்நிலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ‘ஏரி 222’ ஒன்று. 2014, 2015 ஆண்டுகளில் அதில் நானோ வெள்ளியைச் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். மஞ்சள் பெர்ச் மீன்களின் உடலில் வெள்ளி சேர்ந்தது. அவற்றின் எண்ணிக்கை குறைந்தது. அவற்றைத் தின்னும் பைக் மீன்களின் ஈரலிலும் வெள்ளி. சோதனைக் குடுவையில் அல்ல, நடுவர் அவர்களே, ஒரு முழு ஏரியில்! அந்த மீன்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

தீக்காயத்துக்குக் கட்டும் துணியில் நானோ வெள்ளி உயிர் காக்கிறது என்பார்கள். வைத்துக்கொள்ளட்டும், தடுக்கவில்லை. அங்கே நோயாளி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், அளவு இருக்கிறது. காலுறை நாற்றத்துக்காக நம் நீர்நிலைகளை நோயாளியாக்க யார் அனுமதி கொடுத்தார்கள்? இதற்கு மட்டும் எதிரணி பதில் சொல்லட்டும்.