பக்கத்து பெஞ்சுக்காரர்

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, சபையாரே, எல்லாருக்கும் வணக்கம்.

விசுவாசம் பெரிதும் சோதிக்கப்படுவது ஆலயத்திலா, அன்றாட வாழ்விலா என்பது தலைப்பு. அன்றாட வாழ்வில்தான் என்று பேசி, கைத்தட்டலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். ஞாயிற்றுக்கிழமை அல்லேலூயா, திங்கட்கிழமை பொய்க் கணக்கு என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவர் காட்டிய வசனங்களை வேதாகமத்தில் திருப்பிப் பார்த்தேன். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபத்தை எடுத்து வீசினார். அது இரண்டாம் அதிகாரத்தின் பின்பாதி. தொடக்கத்திலிருந்து படித்திருந்தால் என் அணிக்கே வந்து சேர்ந்திருப்பார்! அந்த அதிகாரம் தொடங்குவது ஆலயத்துக்குள். பொன்மோதிரக்காரன் ஒருவன் வருகிறான், கந்தைத் துணியோடு ஒருவன் வருகிறான். முதலாமவனிடம், "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்." மற்றவனிடம், "நீ அங்கே நில்லு." நடுவரே, நம் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். ஒருவனுக்கு 'ஐயா, நீர்'. இன்னொருவனுக்கு வெறும் 'நீ'. இருக்கையில் மட்டுமா பட்சபாதம்? வாயிலேயே இருக்கிறது. யாக்கோபு தம் சபையாரை முதலில் மடக்கிப் பிடித்தது சந்தையில் வைத்தும் இல்லை, வேலைத்தலத்தில் வைத்தும் இல்லை. ஆராதனைக்கு ஆள் வந்து உட்காரும் அந்த ஒரு நிமிஷத்தில் வைத்து.

அடுத்து, பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பாருங்கள், இயேசுவே வெளியே போகச் சொல்கிறார் என்றார். சரி, போகத்தான் சொன்னார். ஆனால் போக வேண்டும் என்று அவனுக்கு எங்கே தோன்றியது? "அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இருக்கிறது. அங்கே என்றால் பலிபீடத்தின் முன்னால். ஆறு நாளும் தெருவில் நடமாடியவனுக்குச் சகோதரனுடைய குறை ஞாபகம் வரவே இல்லையே! எனக்கும் அப்படித்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நல்ல சமாரியனைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டு ஆசாரியன் விலகிப் போனான், ஆலய ஊழியனான லேவியன் விலகிப் போனான், வழிப்போக்கனான சமாரியன்தான் உதவினான். மறுக்கவில்லை. ஆனால் கதையை அந்த வழியிலேயே முடித்துவிட்டாரே, அது நியாயமா? சமாரியன் அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரத்தான் கையில் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். காயம் ஆறும்வரை கட்டு மாற்றியது யார்? சத்திரத்தான். அந்தச் சத்திரம்தான் சபை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர் பிரசங்கத்தில் விளக்கம் சொன்னார். ஒரு நாள் இரக்கம் எல்லாருக்கும் வரும், எனக்கே வரும். தினமும் புலம்புகிற ஒரு நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு சங்கதி.

வேதத்துக்கு வெளியே ஒரு சாட்சி கேட்டீர்கள், நடுவரே. கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ஒருவரையே கூப்பிடுகிறேன். கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். இவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள், பிறகு உறுதிமொழி எடுக்கிறார்கள் என்கிறார். என்ன உறுதிமொழி? திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், சொன்ன சொல் தவறமாட்டோம், நம்பி ஒப்படைத்ததைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டோம். எதிரணி சொல்லும் திங்கட்கிழமைப் பாடம் முழுவதும் அந்த விடியற்காலைக் கூட்டத்திலேயே இருந்திருக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொன்று. விசாரணைக்காக இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்று அந்த ஆளுநர் எழுதுகிறார். இருவரும் அடிமைகள். ஆனால் கிறிஸ்தவர்கள் அவர்களை 'மினிஸ்த்ரே' என்று அழைக்கிறார்கள் என்கிறார். லத்தீனில் அதற்குப் பொருள் ஊழியக்காரிகள். வெளியே, உடம்பு கூடத் தங்களுக்குச் சொந்தமில்லாத பெண்கள். சபைக்குள்ளே பொறுப்பில் இருப்பவர்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்த சுதந்திர மனிதர்களுக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும்! அவர்களுடைய அன்றாட வாழ்வில் இப்படி ஒரு சோதனை வந்திருக்கவே முடியாது. அங்கே அடிமை அடிமைதான். அந்தப் பெண்கள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சபையில் சண்டை இல்லையா, பாகுபாடு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொரிந்து சபையில் திருவிருந்துக்கு வந்த இடத்தில் ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறியாயிருந்தான், பவுலே எழுதியிருக்கிறார். அதற்காக, இனி கூட வேண்டாம், அவரவர் வீட்டில் நல்லவர்களாக இருங்கள் என்று சொன்னாரா? "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்றார். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது சபைக் கமிட்டியில் ஒரு வருஷமாவது இருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது என் கதை. கட்டட நிதிக் கணக்கில் எனக்கும் ஒரு சபை அங்கத்தினருக்கும் தகராறு வந்தது. தப்பு பாதி அவர்மேல், பாதி என்மேல். முக்கால் அவர்மேல் என்றுதான் அன்று நினைத்தேன். அலுவலகமாக இருந்தால் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டிருப்பேன். நண்பராக இருந்தால் போனை எடுக்காமல் விட்டிருப்பேன். வாழ்க்கை அப்படித்தான் வசதி செய்து தருகிறது: பிடிக்காதவரைத் தவிர்க்க ஆயிரம் கதவு. ஆலயத்தில் அந்த வசதி இல்லை. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அவர் பின்னந்தலை. எட்டு மாதம் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' வரும்போது வாய் மட்டும் அசையும், 'எங்களுக்கு மன்னியும்' வரும்போதுதான் குரல் வரும்.

ஒரு திருவிருந்து ஞாயிறு, வரிசை எப்படியோ குழம்பி, பீடத்தின் முன் அவர் பக்கத்திலேயே நான் மண்டியிட வேண்டியதாயிற்று. எழுந்து ஓட முடியாது. போதகர் அப்பத்தைப் பிட்டுக்கொண்டு வருகிறார். பக்கத்தில் இருந்தவருக்கு மூட்டுவலி, எழும்ப முடியவில்லை, கை நீட்டினார். யாருடைய கை என்று பார்க்காமலே நீட்டினார் என்று நினைக்கிறேன். பிடித்துத் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் பேசிக்கொள்கிறோம்.

2020-இல் கொரோனாவால் ஆலயக் கதவுகள் மூடியபோது ஆராதனை யூடியூபில் வந்தது. பிரசங்கம் வந்தது, பாட்டு வந்தது. அந்தப் பின்னந்தலை மட்டும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு வாரம் அது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே, முடிக்கிறேன். நான் சொன்ன அந்த அங்கத்தினர் யார் என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் இந்த மேடையை விட்டு இறங்கும்போது எதிரணித் தலைவர் கை நீட்டுவார், பாருங்கள். படி கொஞ்சம் உயரம்.