கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும்

நேயர்களுக்கு வணக்கம். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது எப்படி, எப்போது பிடித்தே ஆக வேண்டும் என்று இன்று பார்ப்போம்.

மோட்டார் சைக்கிளின் கியர் பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. லீவரை அசைத்ததும் பல்லோடு பல் போய்ச் சேர்வதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. சக்கரத்தின் பக்கவாட்டில் தடித்த முட்டுகள் இருக்கும். மெக்கானிக்குகள் அவற்றை 'டாக்' என்பார்கள். கியர் லீவர் அசைக்கும் கவை போன்ற 'ஷிஃப்ட் ஃபோர்க்' ஒரு சக்கரத்தை நகர்த்தும்போது, அதன் டாக் பக்கத்துச் சக்கரத்தின் குழிக்குள் மாட்டிக்கொள்கிறது. இன்ஜின் விசை அழுத்தும் வரை அது இறுகியே இருக்கும். அழுத்தம் விலகினால் சட்டென்று கழன்றுவிடும். கிளட்ச் பிடிக்கும்போது அந்த அழுத்தம்தான் விலகுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கணநேரம் குறைத்தாலும் அதே காரியம் நடக்கும்.

முதல் கியர் கீழே, மற்றவை மேலே உள்ள வண்டியில் கிளட்ச் பிடிக்காமல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். வண்டி வேகமெடுக்கும்போதே லீவருக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று குறையுங்கள். லீவர் தானாக மேலே போகும். உடனே பழையபடி முறுக்குங்கள். தாமதித்தால் இன்ஜின் பிரேக்கிங், அதாவது வேகம் குறைந்த இன்ஜின் வண்டியைப் பின்னிழுக்கும் விசை, டாக்கை மறுபக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும், கியர் விழாது.

இது கியரை ஏற்றும்போது எளிது, இறக்கும்போது கடினம். இரண்டாம் கியர் விகிதம் 1.8, மூன்றாவது 1.4 என்றால், 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்றில்) ஏற்றும்போது இன்ஜின் ஏறத்தாழ 3900-க்கு இறங்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்ததுமே இறங்கிவிடும். மூன்றில் 4000-இல் இருந்து இரண்டுக்கு வருவதென்றால் 5100-க்கு மேல் ஏற்றியாக வேண்டும். கணக்குத் தப்பினால் டாக்கின் முனைகள் மோதும், பின்சக்கரம் வழுக்கவும் செய்யும். ஆகவே இறக்கும்போது கிளட்ச் பிடியுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கும் அப்படியே: விகித இடைவெளி பெரிது, நடுவில் நியூட்ரல் வேறு இருக்கிறது.

மோதி மோதி டாக்கின் முனை மழுங்கினால், முறுக்கும்போது கியர் தானாகக் கழன்று விழும். பிறகு இன்ஜினைப் பிரிக்காமல் தீராது. லீவர்மேல் எந்நேரமும் காலை வைத்திருந்தாலும் ஃபோர்க் தேயும்.

கிளட்ச் பிடித்து ஓட்டினாலும் கேபிள் சரியாக இருக்க வேண்டும். பல வண்டிகளில் கைப்பிடியிலுள்ள கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் தளர்வு இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள். தளர்வு கூடினால் கிளட்ச் முழுதாக விடாது: முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளும், நியூட்ரல் கிடைக்காது. குறைந்தால் கிளட்ச் பிளேட் வழுக்கும். இன்ஜின் அலறும், வேகம் ஏறாது.

ஓடும்போது கேபிள் அறுந்துவிட்டால் பதறாதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைத்து, ஓரமாக வாருங்கள். நின்றுவிடுவதற்குச் சற்று முன், இரண்டாம் கியரிலிருந்து கியர் லீவரைப் பாதியளவு அழுத்தி நியூட்ரலுக்கு முயலுங்கள். விழவில்லையென்றால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைத்து பிரேக் பிடியுங்கள். வண்டி கியரிலேயே நிற்கும்.